உடல் பெரம்பலூர், உயிர் அரியலூர்

ஆபீசில் யார் வேண்டுமானாலும் தன்னைவிட உசத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும், வைரக்கண்ணு அதைப் பொறுத்துக்கொள்வார். துணை இயக்குநர் உசத்தி, அவருடைய டிரைவர் உசத்தி, டிரைவருக்கு டீ வாங்கி வருகிறவர்கூட ஒரு வகையில் உசத்திதான். ஆனால் ஒரு கறுப்பு டப்பா தன்னைவிட உசத்தியாக இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த டப்பா ஒரு சின்ன லேப்டாப். பெரம்பலூர் சின்ன வெங்காய மேம்பாட்டு வாரியத்துக்குச் சென்னைத் தலைமை அலுவலகம் போன வருஷம் அனுப்பி வைத்தது. சின்ன வெங்காயத்துக்குப் பெரிய லேப்டாப் எதற்கு என்று அங்கே யாரோ யோசித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சிலேட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சிடி செருக அதில் இடமே கிடையாது. சிடியைப் படிக்கிற பெட்டி தனியாக, வயரும் வாலுமாக வந்து சேர்ந்தது.

வந்த வாரமே துணை இயக்குநர் செல்லதுரை அதை ஜீப்பில் ஏற்றிச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார். வைரக்கண்ணுவுக்குச் சிறுவாச்சூர்தான் சொந்த ஊர். நினைவு தெரிந்த நாளாய் அந்தக் கோயிலில் வரிசையில் நிற்கிறவர். அவர் கழுத்தில் ஒருநாளும் மாலை விழுந்ததில்லை. டப்பாவுக்கு விழுந்தது.

அதை இயக்க வெற்றிச்செல்வி என்ற இளநிலை உதவியாளரைப் போட்டார்கள். அரியலூர்ப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். வைரக்கண்ணுவோ டைப்ரைட்டரைத் தட்டித் தட்டி விரல் காய்த்துப்போனவர். அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி அவள் மேசைக்கு மேலே மாட்டினார்கள். டப்பா சூடாகிறதாம். மனுஷன் சூடாவதைப் பற்றி வாரியத்தில் சுற்றறிக்கை எதுவும் இல்லை.

அதைக்கூட மன்னித்திருப்பார். காலையில் டப்பாவைத் திறந்தால் ஒரு சின்ன இசை வரும், நீலத் திரையில் நல்வரவு என்று இங்கிலீஷில் வரும், கூடவே வெற்றிச்செல்வியின் பேரும் வரும். அதுதான் அவர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவன் அவரைப் பேர் சொல்லி வரவேற்றது கிடையாது. 'யோவ், அந்த ஃபைல் என்னாச்சு' என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் காலை வணக்கம். தினமும் அந்த இசை வரும் நேரத்தில் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

"பங்காளி மேல பொறாமப்படுவாங்க, பக்கத்து வூட்டுக்காரன் மேல பொறாமப்படுவாங்க," என்றாள் அவர் மனைவி உண்ணாமலை. "நீங்க என்னடான்னா ஒரு டப்பா மேல படுறீங்க. வெளிய சொல்லிறாதீங்க, சிரிப்பாங்க."

"அதுக்கு ஃபேன் மாட்டியிருக்காங்கடி."

"அது உங்களாட்டம் சாயங்காலம் வூட்டுக்கு வந்து பொலம்புதா? அதான் மாட்டியிருக்காங்க."

உண்ணாமலைக்குச் சர்க்கரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். தானே குத்திக்கொள்ளப் பயந்து நடுங்குவாள். அதனால் வைரக்கண்ணு தினமும் மத்தியானம் பஸ் பிடித்துச் சிறுவாச்சூர் வந்து, ஊசி போட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்புவார். பக்கத்து ஊர் என்பதால் முடிந்தது. இந்த ஒரு சௌகரியத்துக்காகவே அவர் பதவி உயர்வைக்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்.

லேப்டாப்பை வாரியம் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. பேட்டரியை உபயோகித்தால் தேய்ந்துவிடும் என்று அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று செல்லதுரையிடம், இன்னொன்று எப்போதும் விடுப்பில் இருக்கும் கண்காணிப்பாளரிடம். அதனால் லேப்டாப் நேரடிக் கரண்டில் ஓடியது, கரண்ட் போகும்போதெல்லாம் பட்டென்று செத்தது. அடிப்பக்கத்தில் ஏதோ எண்கள் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதன் மேலேயே வெள்ளைப் பெயின்டால் வாரியத்தின் சொத்து எண்ணை எழுதினார்கள். நாற்காலிக்கும் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

இந்த நிலையில்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஏற்கெனவே ஒருதடவை பிரித்துச் சேர்த்த மாவட்டம் என்பதால் எல்லோருக்கும் கை பழகியிருந்தது. பெரம்பலூர் தனி, அரியலூர் தனி. அரியலூர்ப் பக்கம் முந்திரி விளையும், சிமெண்ட் விளையும். வெங்காயம் மளிகைக் கடையில்தான் விளையும். ஆனாலும் மாவட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வெங்காய ஆபீஸ் இருந்தாக வேண்டும். இராமலிங்கம் என்ற அதிகாரியை அங்கே போட்டார்கள். பெரம்பலூரிலிருந்து ஓர் உதவியாளரை அனுப்பச் சொன்னார்கள்.

செல்லதுரை கூட்டம் போட்டார். "லேப்டாப் தெரிஞ்ச ஆளு இங்கதான் இருக்கணும். வெற்றிச்செல்வியை நான் விடமாட்டேன். வைரக்கண்ணு, நீங்க அரியலூருக்கு ரெடியா இருங்க."

வைரக்கண்ணு பஸ் நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அரியலூர் போனால் மத்தியானம் திரும்ப முடியாது. உண்ணாமலைக்கு யார் ஊசி போடுவது? ஃபேனைப் பிடுங்கிய டப்பா இப்போது ஊரையே பிடுங்குகிறது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் வெற்றிச்செல்வி அவரிடம் வந்தாள். "சார், நீங்களாச்சும் அய்யாகிட்ட சொல்லுங்க. எனக்கு அரியலூர் குடுத்துறச் சொல்லுங்க. அவர் டூர் முடிச்சு வந்து பட்டியல் கேக்குறதுக்குள்ள இருட்டிருது. நான் வூடு போறப்ப பாப்பா தூங்கிருது, காலையில கெளம்புறப்பவும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அது முழிச்சிருக்கறதை நான் ஞாயித்துக்கிழமதான் பாக்குறேன். லேப்டாப்பை நீங்க கத்துக்குங்க சார், நானே சொல்லித் தரேன். உங்களை இங்கயே வெச்சுக்குவாங்க, நான் போயிடுவேன்."

இரண்டு பேருக்கும் நல்லதான யோசனை அந்த ஆபீசில் பிறந்தது அதுவே முதல்தடவை. ஆனால் பொறாமை பிடித்தவன் காதில் எதுவும் நேராக நுழையாது. பெரம்பலூர் நாற்காலியை வேண்டாம் என்கிற பிறவி உலகத்தில் உண்டா? நடிக்கிறாள், போதாததற்கு எனக்கே பாடம் எடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தார் வைரக்கண்ணு.

"நான் மெஷின் ஓட்டுறப்ப நீ பொறந்திருக்கவே மாட்டம்மா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்து சொத்துப் பிரிவினை. சம பங்கு என்பது விதி. நாற்காலிகள் பிரிந்தன, பீரோக்கள் பிரிந்தன. லேப்டாப்பும் அதன் துணைக் கருவிகளும் தனித்தனிப் பொருள்கள் என்று இராமலிங்கம் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் லேப்டாப் பெரம்பலூருக்கு என்றும், சிடி படிக்கிற பெட்டியும் சிடியும் அரியலூருக்கு என்றும் முடிவானது. இரு தரப்பும் கைகுலுக்கி, மிக்சர் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

அந்த வாரமே கரண்ட் போனது, திரும்பி வந்தது. லேப்டாப் திரும்பி வரவில்லை. இசையும் இல்லை, நல்வரவும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று நின்றது. வைரக்கண்ணு அன்றைக்குக் கேன்டீனில் கூடுதலாக ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டார்.

"ஒரு ஃபைல் கெட்டுப்போச்சு சார். பேட்டரி இல்லாம பொசுக்பொசுக்குனு நின்னா இப்படித்தான் ஆகும்," என்றாள் வெற்றிச்செல்வி. "சிடியைப் போட்டு சிஸ்டத்தை மறுபடி ஏத்தணும்."

"பேட்டரி பத்திரமா இருக்கில்ல?" என்றார் செல்லதுரை.

"அது பீரோவுல பத்திரமா இருக்கு சார்."

"அப்ப நம்ம மேல தப்பு கெடையாது," என்று அவர் நிம்மதி அடைந்தார். பிறகு சிடிப் பெட்டியை வாங்கிவர வைரக்கண்ணுவை அரியலூருக்கு அனுப்பினார்.

அரியலூர் ஆபீசில் இராமலிங்கத்தின் மேசை மேல் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் அந்தப் பெட்டி வீற்றிருந்தது. குங்குமம் வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் இராமலிங்கம் ஒரு பித்தானை அமுக்குவார். பெட்டி நாக்கை நீட்டும். மறுபடி அமுக்குவார், உள்ளே இழுத்துக்கொள்ளும். "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்," என்பார். வந்தவர்கள் வியந்து போவார்கள்.

"குடுக்க முடியாதுய்யா," என்றார் அவர். "தலையை நீங்க வெச்சுக்கிட்டீங்க. இதையும் குடுத்துட்டா எதைக் காட்டி நாங்களும் ஒரு மாவட்டம்னு சொல்லிக்கறது? வேணும்னா லேப்டாப்பை இங்க கொண்டாங்க."

தொங்கிய முகத்தோடு வந்து வைரக்கண்ணு இதைச் சொன்னதும் செல்லதுரை கொதித்தார். லேப்டாப் மாவட்ட எல்லையைத் தாண்டத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பெட்டி தாண்டவும் வேண்டும். கடைசியில் எதுவும் தாண்டாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். எல்லையிலேயே வைத்து வேலையை முடித்துவிடுவது.

அரியலூர் மாவட்டம் வரவேற்கிறது என்ற பலகைக்குக் கீழே, சாலையோரம், பகல் வெளிச்சத்தில் ஷாமியானா போட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு டீக்கடை, அந்தப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகை. டீக்கடை மேசையில் லேப்டாப். அதற்குப் பெரம்பலூர்க் கரண்ட். கொட்டகையிலிருந்து தூக்கி வந்த பெஞ்சில் சிடிப் பெட்டி. அதற்கு அரியலூர்க் கரண்ட். நடுவில் சுண்ணாம்புக் கோடு. வயர் குட்டை என்பதால் மேசையும் பெஞ்சும் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது. பஸ்கள் நின்று, கிடாவெட்டா என்று விசாரித்துவிட்டுப் போயின.

செல்லதுரை மைக் பிடித்தார். "லேப்டாப் வந்ததுக்கப்புறம் நம்ம ஆபீஸ்ல பேப்பர் கொறஞ்சிருக்கான்னு சில பேர் கேக்குறாங்க. கொறையல. மூணு பங்கு ஆயிருக்கு! முன்னால ஒரு பட்டியல் அடிப்போம். இப்ப அதே பட்டியலை கலர்ல அடிக்கறோம், அதை மறுபடி டைப்ரைட்டர்ல அடிச்சு சரிபாக்கறோம். இதுக்குப் பேருதான் வளர்ச்சி."

இராமலிங்கம் விடுவாரா? அவரும் தம் பக்கத்து மைக்கைப் பிடித்தார். "எங்க மாவட்டத்துல வெங்காயமே இல்லையே, ஆபீஸ் எதுக்குன்னு கேக்குறாங்க. வெங்காயம் வெளையற எடத்துல அது தானா வெளையுது, அங்க அதிகாரிக்கு என்ன வேலை? இல்லாத எடத்துலதாங்க நாங்க தேவை. வெங்காயம் வந்துருச்சுன்னா எங்களை எடுத்துருவாங்க. அதனால எச்சரிக்கையா வேலை பாத்துக்கிட்டு இருக்கோம்."

இரண்டு பக்கமும் கைதட்டல் முடிந்த பிறகு வெற்றிச்செல்வியை உட்காரச் சொன்னார்கள். அவள் சிடியைப் போட, நீலத் திரை வந்தது. பழையது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது.

"எல்லாம்னா?" என்றார் செல்லதுரை.

"இதுவரைக்கும் நாம ஏத்தின வெவரம் பூராவும் சார்."

அவர் கண்ணை மூடிச் சம்மதித்தார். எல்லாம் அழிந்தது. அதனால் எந்த வயலிலும் எந்த வெங்காயத்துக்கும் ஒரு கேடும் வரவில்லை.

பாதியில் கரண்ட் போனது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கர் எண்ணைக் கேட்டது. திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பெயின்ட். வெற்றிச்செல்வி ஹேர்பின்னை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சுரண்டினாள். அரசாங்க எண்ணைச் சுரண்டுவது தண்டனைக்குரியது என்று செல்லதுரை பதறினார். பெயின்ட் பாதியும் எழுத்து பாதியுமாக வந்தது. எட்டா, இங்கிலீஷ் பி-யா என்று இரண்டு மாவட்டமும் குனிந்து பார்த்து விவாதித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது.

கடைசியாகத் திரை கேட்டது: யார் பேர் போட வேண்டும்?

"என் பேரு வேணாம்மா," என்று செல்லதுரை பின்வாங்கினார். "நாளைக்கு ஆடிட்டுல கேப்பாங்க. பழையபடி உன் பேரையே போட்டுக்க."

அதுவரை டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்த வைரக்கண்ணுவுக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. ஒரு வருஷமாக அந்த நல்வரவைக் கேட்டுக் கேட்டு வெந்த மனசு. எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எம் பேரைப் போடு. சீனியர் நாந்தானே? ஏன், எம் பேரு போட்டா அது வேலை செய்யாதா?"

வெற்றிச்செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. இனி லேப்டாப்காரர் இவர், நமக்கு அரியலூர் என்று அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. திரை மாற்றிக் கேட்டுவிடுமோ என்று பயந்தவள்போல மளமளவென்று வைரக்கண்ணு என்று அடித்தாள்.

மறுபடி திறந்தபோது இசை வந்தது. நல்வரவு வந்தது. அதற்குக் கீழே அவர் பேர். வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சிறுவாச்சூருக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார், உண்ணாமலைக்குச் சர்க்கரை என்பதே மறந்துபோய். அரியலூர் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் வெற்றிச்செல்வி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சிரிக்காத ஆள் இராமலிங்கம். தன் பெட்டி பெற்ற பிள்ளை அடுத்த மாவட்டத்துக்குப் போவதைப் பார்த்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினார். வருஷக்கணக்கில் எதற்கும் பதில் போடாத தலைமை அலுவலகம் இதற்கு மட்டும் மின்னல் வேகத்தில் ஆணை போட்டது.

செல்லதுரை அதை எல்லோரையும் நிற்கவைத்து வாசித்தார். லேப்டாப்பின் உடல் பெரம்பலூருக்குச் சொந்தம். ஆனால் இப்போது உள்ளே இருக்கும் சிஸ்டம், அதாவது உயிர், அரியலூரின் சிடியிலிருந்து வந்தது. ஆகவே அது அரியலூரின் சொத்து. உடலையும் உயிரையும் பிரிப்பது விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே உடல், உயிர் இருக்கும் மாவட்டத்துக்கே போக வேண்டும். பேட்டரியும் கூடவே போக வேண்டும். ஈடாகச் சிடிப் பெட்டி பெரம்பலூருக்கு வரும். லேப்டாப்பில் யார் பேர் இருக்கிறதோ அவர் அதனுடன் உடனே அரியலூரில் பணியில் சேர வேண்டும். மீதமுள்ள உதவியாளரைப் பெரம்பலூரிலிருந்து எக்காரணம் கொண்டும் விடுவிக்கக் கூடாது.

வைரக்கண்ணுவும் வெற்றிச்செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்தடவையாக இரண்டு பேரும் ஒன்றாகச் செல்லதுரையின் அறைக்குள் போனார்கள்.

"பேரை மாத்திட்டா ஆளையும் மாத்திரலாம்," என்றார் அவர். "ஆனா பேரை மாத்தணும்னா சிஸ்டத்தை மறுபடி ஏத்தணுமாம்."

"அதுக்கு ஏத்த வேண்டியதில்ல சார். உள்ள போயி டக்குனு மாத்திரலாம்," என்றாள் வெற்றிச்செல்வி.

"ஏம்மா, பந்தல் போட்டு, மைக் வெச்சு, ரெண்டு மாவட்டம் கூடிப் போட்ட பேரு. அதை டக்குனு மாத்தறதா? மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல? முதல்ல அது கெடணும். கெட்டா எழுதிக் குடுங்க, பாக்கலாம்." சொல்லிவிட்டு, புதிதாக மேசைக்கு வந்திருந்த சிடிப் பெட்டியின் பித்தானை அமுக்கினார். அது நாக்கை நீட்டியது.

வைரக்கண்ணு அரியலூர் போனார். அங்கே தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. காலையில் டப்பா அவரைப் பேர் சொல்லி வரவேற்றது. வெங்காயம் இல்லாததால் அதற்குப் பிறகு நாள் முழுக்க வேலை இல்லை. அது கெட வேண்டும் என்று அவர் அம்மனை வேண்டினார், யாரும் பார்க்காதபோது வயரைப் பிடுங்கினார். இப்போது உள்ளே பேட்டரி இருந்ததால் அது சாகவே இல்லை. உண்ணாமலை மத்தியானம் தானே ஊசி குத்திக்கொள்ளப் பழகினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அரியலூர் ஆபீசுக்கு எதிர் வீடுதான் வெற்றிச்செல்வியின் அம்மா வீடு. பகலில் பாப்பா அங்கேதான் இருக்கும். பாப்பா தத்தித் தத்தி ஆபீசுக்குள் வந்துவிடும். வைரக்கண்ணு அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பில் படம் காட்டுவார். காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் அரியலூர் பஸ் ஏறும் நேரமும், அரியலூர் பஸ்ஸிலிருந்து வெற்றிச்செல்வி இறங்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் அவரிடம் ஓடி வருவாள்.

"நேத்து பாப்பா வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா. நேத்து பேசுச்சு! முதல் வார்த்தை. 'மாமா'ன்னு என்னையப் பாத்துக் கூப்புட்டுச்சு, தெளிவா!" என்றார் வைரக்கண்ணு, பூரித்துப் போய்.

வெற்றிச்செல்வி சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை வைரக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக அவர் அதே கண்ணால்தான் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு ஆபீசைப் பார்த்து நடந்தாள்.

அன்றைக்குப் பாப்பா 'மாமா' என்று இன்னும் பலதடவை கூப்பிட்டது. சாயங்காலம் புதுசாக 'அம்மா' என்றும் சொன்னது, வாசலைப் பார்த்து.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவள் வந்து நின்றாள்.

"நேத்து பாப்பா ஏதாச்சும் பேசுச்சா சார்?"

"இல்லம்மா," என்றார் வைரக்கண்ணு. "நேத்து பூரா தூங்கிக்கிட்டே இருந்துச்சு."